பேய் இல்லாத ஹலோவீன்: கல்லடித் தையல் கடை ஒன்றின் 2024 ஓர்டர்

பின்னணி

2024 செப்டெம்பர் கடைசியில் கனடாவிலிருந்து ஒரு குடும்பம் மட்டக்களப்பு கல்லடியிலுள்ள தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டுப் பெரியவர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டுத் திவசத்தைச் செய்துவிட்டு நவம்பர் நடுப்பகுதிவரை நிற்பதாக ஏற்பாடு. தகப்பன் கல்லடியிலேயே படித்து வளர்ந்தவர். தாய் சின்ன வயதிலேயே ரொறன்ரோவுக்குப் போனவர். 11 வயது மகனும் 7 வயது மகளும் அங்கே பிறந்தவர்கள்.

பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தில் ஒரேயொரு குறை. ஒக்டோபர் 31 இரவு, தங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகும்போது தாங்கள் அங்கே இருக்கமாட்டோம் என்பதுதான். "அப்ப இங்கேயே செய்வோம்" என்று தாய் வாக்குக் கொடுத்துவிட்டார். மட்டக்களப்பில் ஹலோவீன் சாமான் விற்கும் கடை ஏதும் அவர் கண்ணில் படவில்லை. ஆகவே அதே ஒழுங்கையிலுள்ள தையல் கடைக்கு வந்தார்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு முன்விறாந்தையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, உதவிக்கு இரண்டு பெண்கள். பள்ளிச் சீருடை, சாறி பிளவுஸ், வருட முடிவில் முன்பள்ளிக் கலைவிழாக்களுக்கு வினோத உடை. பட்டாம்பூச்சி, கரட், பாரதியார், தபால்காரர் என்று எத்தனையோ பிள்ளைகளை அந்த விறாந்தை மாற்றி அனுப்பியிருக்கிறது. நான் அந்தக் கடைக்கு விலைப்பட்டியலும் கணக்கும் எழுதிக் கொடுப்பவள். ஓர்டர் கொப்பியையும் அப்போது பக்கத்தில் கிறுக்கி வைத்த குறிப்புகளையும் வைத்து இதை எழுதுகிறேன். கடைக்காரரை இதில் தையலக்கா என்றே சொல்கிறேன்.

கேட்கப்பட்டது என்ன

தாய் போனில் படங்கள் காட்டினார். மகனுக்கு இருட்டில் ஒளிரும் எலும்புக்கூடு. மகளுக்குக் கடற்கன்னி. ஒழுங்கைப் பிள்ளைகளையும் சேர்த்து மொத்தம் 14 பேர். மற்றவர்களுக்கு இரத்தக்காட்டேரி, சூனியக்காரி, பேய் என்று பொதுவாக ஏதாவது. வாசலுக்கு ரெஜிபோம் என்ற வெண்ணுரை அட்டையில் வெட்டிய கல்லறைக் கற்கள், சிலந்தி வலை, குடைந்த பூசணி. நாள் நவம்பர் 2, சனிக்கிழமை.

"காசு பிரச்சினை இல்ல அக்கா. எவ்வளவு எண்டு சொல்லுங்க, இப்பவே தாறன்" என்றார்.

தையலக்கா விலை சொல்லவில்லை. "பிள்ளையளப் பார்க்காம நான் துணி வெட்டுறதில்ல தங்கச்சி. அளவெடுத்துப்போட்டுச் சொல்றன்" என்று மட்டும் சொன்னார். அது வழக்கமாகச் சொல்லும் பேச்சுத்தான். ஆனால் இந்த ஓர்டரின் போக்கை அந்தப் பேச்சுத்தான் மாற்றியது. காசு கொடுப்பது ஒரு வீடு, உடுத்தப்போவது ஒன்பது வீட்டுப் பிள்ளைகள். அந்த ஒன்பது வீடுகளுக்கும் இப்படி ஒரு விஷயம் நடக்கப்போவதே அப்போது தெரியாது.

நாள் மாறியது

முதலில் அடிபட்டது திகதி. அந்த வருடம் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31 வியாழக்கிழமை வந்தன. தாய் அதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த சனிக்கிழமையைக் கேட்டிருந்தார். ஆனால் நவம்பர் 2 கத்தோலிக்கருக்குச் சகல ஆத்துமாக்கள் தினம்; மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகும் நாள். கந்தசஷ்டி விரதமும் அன்றைக்கே ஆரம்பம். ஒரு வீட்டில் செத்தவர்களுக்காகச் செபம், இன்னொரு வீட்டில் விரதம், நடு வீட்டில் பேய் வேடம் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். வந்தாலும் மனம் ஒட்டாது.

மிஞ்சியது ஒக்டோபர் 26, சனிக்கிழமை. திவசம் முடிந்திருக்கும், தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும். கொண்டாடுபவர்களுக்கு வசதியான நாள். தைப்பவருக்கு வருடத்திலேயே மோசமான வாரம் அது. தீபாவளி பிளவுஸ்கள் மேசையில் குவிந்து கிடக்கும் நேரம். இதைத் தெரிந்துகொண்டேதான் தையலக்கா சம்மதித்தார். காரணம் கேட்டேன். "டிசெம்பர்ல முன்பள்ளிக்காரர் வருவினம். இப்ப செஞ்சு பழகினா அப்ப படம் காட்டலாம்" என்றார்.

அளவெடுக்கப் போன இடத்தில்

அளவு நாடாவோடு வீடு வீடாகப் போனதில் கிடைத்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர்டர் கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று அளவு: கழுத்திலிருந்து முழங்கால், கை விரித்து மணிக்கட்டுக்கு மணிக்கட்டு, தலைச் சுற்று. மூன்றாவது அளவை எடுக்கும்போது பிள்ளை அசையாமல் நிற்க வேண்டும். தாய் பக்கத்தில் வந்து பிடிப்பார். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

முதல் எதிர்ப்பு ஓர்டர் கொடுத்த வீட்டிலிருந்தே வந்தது. பிள்ளைகளின் அப்பம்மா வாசல் கட்டிலிருந்தபடி, "திவசம் முடிஞ்ச கையோட இந்த வாசல்ல எலும்புக்கூடு தொங்கினா, பார்க்கிற சனம் என்ன சொல்லும் புள்ள?" என்று கேட்டார். மருமகளிடம் அவர் இதைச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார். மருமகளும் மாமி ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வளவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். வேடம் போடுவதில் அந்தத் தாய்க்கு மறுப்பில்லை. நத்தார் நாடகத்துக்கு இதே தையலக்காதான் அவர் மகனுக்கு மேய்ப்பன் உடுப்புத் தைத்தவர். ஆனால் படத்தில் இரத்தக்காட்டேரியின் சட்டையில் சிவப்புச் சாயம் தெளித்திருந்ததைப் பார்த்ததும், "பிள்ளைட உடுப்பில இரத்தம் வேணாம் அக்கா" என்றார். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. செத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; தையலக்காவும் கேட்கவில்லை. ரெஜிபோம் கல்லறைகளை அதே மாலையில் தையலக்காவே பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போன கரையில் விளையாட்டுக் கல்லறை நடுவதற்கு யாரிடமும் போய் அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது காத்தான்குடி, முஸ்லிம்கள் வாழும் ஊர். தகப்பனோடு ஒன்றாகப் படித்த ஒருவரின் வீடு அங்கே. அவர்களின் மகளும் பட்டியலில் இருந்தாள். அந்தத் தாய் நேரடியாகவே பேசினார்: இது எங்கள் வழக்கத்தில் இல்லை, வேடமும் வேண்டாம், கொண்டாட்டமும் வேண்டாம், ஆனால் கடதாசியில் விளக்குக் கூடு கட்டுவதென்றால் பிள்ளைக்கு உயிர், அதற்கு அனுப்புகிறேன். சரி என்று அப்படியே எழுதிக்கொண்டோம். இன்னொரு வீடு முழுதாகவே மறுத்தது. 14 பேர் 12 பேரானார்கள்.

பிள்ளைகள் சொன்னதும் கொப்பியில் இருக்கிறது. ஒழுங்கைப் பையன்கள் எலும்புக்கூட்டைப் பார்த்து ஒன்றும் பெரிதாக எடுபடவில்லை. அவர்களுக்கு வேறொருவனைத் தெரியும். கந்தசஷ்டி முடிவில் கோயில் வீதியில் தலை மாற்றி மாற்றிச் சண்டைக்கு வருகிறவன்: யானைமுகம், சிங்கமுகம், கடைசியில் சூரன். கனடாப் பையனுக்கு இதை அவர்கள் நடித்தே காட்டினார்கள். ஒரே ஆளுக்கு மூன்று தலை என்று கேட்டதும் அவன் எலும்புக்கூட்டை மறந்துவிட்டான். அப்பம்மாவிடம் தையலக்கா இதைக் கேட்டபோது அவர் சிரித்தார். "சூரன் எண்டா என்ன, அது கதைதானே. முருகன்ட வேலை மட்டும் விளையாட்டுக்கு எடுக்காதயுங்க" என்றார். ஆக, எலும்புக்கூடு நுழைய முடியாத வாசலில் அசுரன் தாராளமாக நுழையலாம். அப்பம்மாவுக்குப் பயங்கரம் ஒரு பொருட்டே இல்லை. அந்த வீட்டில் போன வருடம் நடந்த சாவை அது நினைவூட்டக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது.

எடுத்த முடிவுகள்

கூடிப் பேசியபோது தாய் சற்று முகம் சுழித்தார். ஹலோவீனிலிருந்து பேயை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். மிச்சம் நிறையவே இருந்தது: செம்மஞ்சளும் கறுப்பும், இரவில் நடமாடும் பிராணிகள், பூசணி, வேடத்தோடு வாசல் வாசலாகப் போவது. ஐரோப்பாவில் இதைத் தொடங்கியவர்களே ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டவர்கள்தான். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவுக்குப் போனதும் அங்கே பெரிதாகக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். இதை அவருக்குச் சொன்னது கணவர். அதன்பிறகு பேச்சு இலகுவானது.

மூன்று ஆந்தை, மூன்று வௌவால், இரண்டு மின்மினி, ஒரு கடற்கன்னி, ஒரு பூசணி, இரண்டு சூரன் என்று முடிவானது. இரத்தம், எலும்பு, கல்லறை, தூக்குக் கயிறு எதுவும் இல்லை. முழு முகமூடியும் இல்லை. மூக்குக்குக் கீழே வெட்டிய அரை முகம், அல்லது தலைப்பட்டியில் நிற்கும் காதும் கொண்டையும் மட்டும். முழு முகமூடி போட்ட பிள்ளைக்குப் பக்கப் பார்வை போய்விடும். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஓடும். மட்டக்களப்பு வெக்கையில் உள்ளே மூச்சும் முட்டும்.

தீபாவளி வேலையைக் காப்பாற்ற இன்னொரு முடிவு: எல்லா உடுப்பும் பிள்ளையின் சொந்த ரீசேர்ட்டுக்கு மேல் போடும் ஒற்றைத் துண்டு. நடுவில் மடித்து, தலைக்குத் துளை விட்டு, இரண்டு பக்கமும் நாடா. சிப் இல்லை, கைக்குழி இல்லை, மூன்றே மூன்று அளவு. கழுத்தில் கட்டும் கயிறு எங்கேயும் வேண்டாம் என்றும் தீர்மானித்தார்கள். ஓடும்போது ஏதாவது மாட்டினால் கயிறு இறுகும்; வெல்க்ரோ கழன்றுவிடும்.

செய்த விதம்

வௌவால் மிக மலிவாக முடிந்தது. ஒழுங்கையில் உடைந்த குடைகளைச் சேர்த்தார்கள். எட்டுக் கூறுள்ள ஒரு கறுப்புக் குடையின் துணியைத் தையல் வழியே குறுக்கே வெட்டினால் நான்கு கூறு கொண்ட இரண்டு அரைவட்டம் வரும். வெட்டிய நேர்விளிம்பு தோளோடும் கையோடும் போகும். குடையின் வளைந்த ஓரம் தானாகவே வௌவால் சிறகின் ஓரமாகிவிடும். ஒரு குடைக்கு இரண்டு பிள்ளை. கம்பிகளை ஒன்று விடாமல் உருவினார்கள், கண்ணில் குத்தும் என்பதால். மணிக்கட்டில் இலாஸ்டிக் வளையம். மழை பெய்தாலும் கவலையில்லை.

ஆந்தைதான் கையை வாங்கியது. மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துண்டுகள் கடையில் மூட்டையாகக் கிடந்தன: தவிட்டு நிறம், சாம்பல், மங்கிய மஞ்சள். கைத்தறித் துணி வெட்டிய இடத்தில் நூல் பிரியும். அதனால் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து முதலில் துணியில் பூசி, காய்ந்த பிறகு இறகு வெட்டினார்கள். பிறகு கிடுகு வேய்வதுபோல் கீழ் வரிசையைத் தைத்து, அதன் தலையை மறைத்து மேல் வரிசை, அதற்கு மேல் அடுத்தது. மேலிருந்து தொடங்கிய உதவிப் பெண் ஒரு முழு முதுகையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டி வந்தது. முடிந்த பிறகு பிள்ளை கை விரித்தால் வரிசைகள் விலகி உள்ளேயிருக்கும் மஞ்சள் தெரியும். அதைப் பார்த்துத்தான் தாய் முதன்முறை வாய்விட்டுச் சிரித்தார்.

பூசணி உடுப்பு, கூட்டத்திலேயே சின்னவளான நான்கு வயதுப் பிள்ளைக்கு. பஞ்சு அடைத்தால் வெந்துபோவாள். கூத்துக்கு உடுப்புக் கட்டிப் பழகிய ஒரு பெரியவரிடம் தையலக்கா போய்க் கேட்டார். வடமோடிக் கூத்தில் ராசாவுக்குக் கட்டும் கரப்புடுப்பு எப்படி இடுப்பிலிருந்து விரிந்து நிற்கிறதோ, அதே முறையில் பிரம்பு வளையங்களை நாடாவில் கோத்து, பாரம் முழுவதையும் தோளில் தொங்கவிடும்படி அவர் சொன்னார். வளையத்துக்கு மேல் செம்மஞ்சள் பருத்தி. உள்ளே வெறும் காற்று. பிள்ளை உட்காரும்போது வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று மடிந்துவிடும்.

மின்மினிக்கு முதுகில் சின்ன விளக்குச் சரம். கடையில் முதலில் கொடுத்தது பொத்தான் பற்றரிச் சரம். தாய் அதைத் திருப்பியனுப்பினார். அந்தப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேனா அளவுப் பற்றரி போடும் பெட்டி வாங்கி, அதையும் பைக்குள் வைத்துத் தைத்து மூடினார்கள்.

பசைக்கூழ்ப் பூசணி

வாசலுக்கு நிஜப் பூசணி குடைவது முதல் நாளே கைவிடப்பட்டது. நம்மூர்ப் பூசணி தட்டை, சதை தடிப்பு, தோல் செம்மஞ்சளும் இல்லை. குடைந்தால் இந்த வெக்கையில் இரண்டு நாளில் ஈ மொய்க்கும். அதற்குப் பதில் பலூனை ஊதி, பத்திரிகைத் துண்டுகளைக் கோதுமை மாப் பசையில் தோய்த்து ஒட்டிக் காயவிட்டார்கள்.

காயவில்லை. ஒக்டோபர் மாதம் மத்தியானம் வரை வெயிலும் பின்னேரம் இடி மழையுமாக இருக்கும். ஒரே தடவையில் மூன்று படை ஒட்டியதில் வெளிப்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஊறியே கிடந்தது. இரவுக் குளிருக்குப் பலூன் சுருங்க, ஈரக் கடதாசியும் கூடவே சுருங்கிக் குழி விழுந்தது. பூஞ்சணம் பிடித்தது, எறும்பு வந்தது. ஒரு காலையில் தையலக்கா எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, உதவிப் பெண்ணின் தம்பியைக் கூப்பிட்டார். வெசாக் பண்டிகைக்குக் கடதாசி விளக்குக் கூடு கட்டத் தெரிந்த பையன் அவன்.

ஈர்க்கும் மூங்கில் சிம்புமாகச் சட்டம் கட்டி, செம்மஞ்சள் டிஷ்யூ பேப்பர் ஒட்டி, கண்ணும் பல்லும் கறுப்புக் கடதாசியில். ஒரு பின்னேரத்துக்குள் பிள்ளைகளே உட்கார்ந்து செய்து முடித்தார்கள். காத்தான்குடிப் பிள்ளை வந்தது அன்றைக்குத்தான். சட்டத்தின் மூலைகளை நூலால் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்களின் கூடுகளையும் அவளே நிமிர்த்திக் கொடுத்தாள்.

நெருப்பு

இந்த ஓர்டரில் தையலக்கா அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். தீபாவளிக்கு ஒரு கிழமை முந்தியே ஒழுங்கைப் பையன்கள் பட்டாசு கொளுத்தத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் வலை போன்ற நெற் துணியும் சாட்டினும் போட்ட பிள்ளைகளை இருட்டில் நடக்கவிடுவது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் 2014இல் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் மகள் ஹலோவீன் உடுப்பில் மெழுகுதிரித் தீ பற்றிப் படுகாயப்பட்ட பிறகுதான், அங்கே பிள்ளைகளின் வேட உடை விளையாட்டுப் பொருளாகக் கணக்கிடப்படுவதும், இரவு உடுப்புக்கு உள்ள அளவு கடுமையான தீ விதி அதற்கு இல்லாததும் பெரிய பேச்சானது.

கொல்லைப்புறத்தில் ஓட்டுத் துண்டின் மேல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு, இடுக்கியால் பிடித்து ஒவ்வொரு துணியிலும் ஒரு நறுக்கைப் பற்றவைத்துப் பார்த்தார். கைத்தறிப் பருத்தி மஞ்சள் சுவாலையோடு எரிந்து கடதாசி மணத்தோடு சாம்பலானது. சாட்டின் சுருண்டு, கறுப்புப் புகை விட்டு, கல்லுப்போல ஒரு உருண்டையாக இறுகியது. நெற் துணி கண் இமைக்குமுன் இல்லை. உருகிய துளி கீழே சொட்டியது. அந்தத் துளி பிள்ளையின் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

பருத்தியும் எரியும்தான். ஆனால் உருகி ஒட்டாது. எனவே உடம்போடு படுவது எல்லாம் பருத்தி, நெற் அறவே இல்லை. கடற்கன்னியின் வாலுக்கு மட்டும் சாட்டின். அதுவும் முழங்காலோடு நிறுத்தி, தரையில் இழுபடாமல். குடைத் துணியும் உருகும் சாதிதான். ஆகவே வௌவால் பிள்ளைகளுக்கு உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயமாக்கப்பட்டது. வாசல் கூடுகளில் மெழுகுதிரி இல்லை, எல்.ஈ.டி விளக்குத்தான். தகப்பன் ஒழுங்கைப் பையன்களிடம் பேசி, ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை பட்டாசுக்கு ஓய்வு வாங்கினார். அதற்குக் கூலியாக அவர்களுக்கும் இனிப்புப் பை.

அன்றைய மாலை

26ஆம் திகதி பின்னேரம் மழை பெய்தது. கொண்டாட்டம் விறாந்தைக்கும் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் நகர்ந்தது. வெளியே தொங்கிய கூடுகளில் இரண்டு நனைந்து கிழிந்தன. மழை விட்டதும், முன்கூட்டியே சொல்லி வைத்த வீடுகளுக்கு மட்டும் பிள்ளைகள் போனார்கள். எள்ளுருண்டை, தொதல், பயற்றம் பணியாரம், ஒரு வீட்டில் அவித்த கச்சான் (நிலக்கடலை).

கனடாப் பெண்பிள்ளைக்குக் கச்சான் ஆகாது. வட அமெரிக்காவில் 2014 முதல் பரவிய ஒரு வழக்கத்தைத் தாய் இங்கே கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டுச் சாமான் அல்லாமல் பென்சில், ஸ்டிக்கர் போன்றவையும் கொடுக்கும் வீட்டு வாசலில் மயில்நீல நிறப் பூசணி வைப்பார்கள். இங்கே மயில்நீலக் கடதாசிக் கூடு. அவள் அந்தக் கூடு தொங்கிய வாசல்களில் மட்டும் பை நீட்டினாள். கச்சான் அவித்த வீட்டு அம்மா இதைக் கேள்விப்பட்டதும் உள்ளே போய், பேத்தியின் புது வளையலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சிங்கமுகத்தைக் கண்டு பூசணிப் பிள்ளை வீறிட்டு அழுதாள். பையன் உடனே தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அரைமணி நேரத்தில் வியர்த்து ஒழுகி, ஆந்தைகள் மூவரும் உடுப்பைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்கள். ரீசேர்ட்டுக்கு மேல் போடும் துண்டு என்பதால் கழற்ற யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அப்பம்மா கடைசிவரை விறாந்தையிலேயே இருந்தார். யாருக்கும் காயம் இல்லை.

கணக்கு

தாய் பேசிய தொகையைத் தயங்காமல் கொடுத்தார். ஆனால் பேசிய தொகையில் உடுப்பு மட்டும்தான் இருந்தது. பசைக்கூழுக்குப் போன நாட்கள், கூடு கட்டிய பையனின் கூலி, வீடு வீடாக அளவெடுத்த நேரம் எதற்கும் விலைச்சீட்டில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பையனின் கூலியைத் தையலக்கா தன் பங்கிலிருந்து கொடுத்தார். துணிச் செலவு மிகக் குறைவு. கழிவுத் துண்டும் பழைய குடையும்தானே. செலவு முழுவதும் கைவேலையில். ஆந்தை ஒன்றுக்கு ஆன நேரத்தில் இரண்டு பிளவுஸ் தைத்திருக்கலாம். விலையோ எல்லா வேடங்களுக்கும் ஒன்று.

தீபாவளி ஓர்டரில் இரண்டு பிளவுஸ் பிந்தின. ஒரு வாடிக்கையாளர் தைக்காத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடம் போனார். அவர் இன்னும் திரும்பி வரவில்லை. இந்த ஓர்டரின் உண்மையான செலவில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. தையலக்கா ஒத்துக்கொள்ளவில்லை, டிசெம்பரில் மூன்று முன்பள்ளிகள் ஆந்தைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததை அவர் எதிர்க்கணக்காகக் காட்டுகிறார்.

மாற்றியவையும் மாற்ற இருப்பவையும்

விலைச்சீட்டில் இப்போது மூன்று வரி தனித்தனியாக இருக்கிறது: உடுப்பு, அலங்காரம், அளவெடுக்கும் பயணம். வேடத்துக்கு வேடம் விலையும் வேறு. முற்பணம் பாதி. பசைக்கூழ் வேலை ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை மட்டும். ஒக்டோபரில் யார் கேட்டாலும் கூடுதான். கூடுகளின் மேல்பக்கத்துக்கு டிஷ்யூ பேப்பரின் மேல் மெல்லிய பொலித்தீன்.

பல வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் காசு கொடுக்கும் ஓர்டர் என்றால், அளவெடுத்து முடியும்வரை வேடத்தின் பெயரை விலைச்சீட்டில் எழுதுவதில்லை. இதில் கடையில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். அரை முகமூடியின் உள்பக்கத்துக்குத் தடித்த பருத்திக்குப் பதில் மெல்லிய வொயில் (voile) துணி போட வேண்டும் என்பது பிள்ளைகளின் நெற்றியைப் பார்த்துத் தெரிந்தது.

திகதிச் சிக்கல் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இல்லை. 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20க்கே வந்துவிட்டது. ஹலோவீனுக்கு முன் பத்து நாள் மெஷின் ஓய்வாகக் கிடைத்தது. இனி ஓர்டர் எடுக்குமுன் கலண்டரைப் பார்ப்பதும், தீபாவளியிலிருந்து ஒரு கிழமைக்குள் விழுந்தால் ஆந்தை இல்லை என்று சொல்வதும் வழக்கமாகியிருக்கிறது.

முடிவாகாத விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. முன்பள்ளிகள் உடுப்பை வாங்குவதைவிட வாடகைக்குக் கேட்கின்றன. வௌவாலையும் மின்மினியையும் பற்றரிப் பெட்டியை எடுத்துவிட்டுத் துவைக்கலாம். ஆந்தையைத் துவைத்தால் பைண்டர் கம் விட்டு இறகுகள் நூல் பிரிகின்றன. ஒன்றைத் துவைத்துப் பார்த்தாயிற்று. கம்முக்குப் பதிலாக ஒவ்வொரு இறகின் ஓரத்தையும் மெஷினில் சுற்றித் தைத்தால் நிற்கும். ஆனால் ஆந்தையின் விலை அதோடு இரட்டிப்பாகும். தையலக்கா ஒரு மாதிரி இறகை அப்படித் தைத்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்.